சேந்தனுக்கு ஒரு மீசை

லா கூர்னெவ்,
26.03.2017

அன்புள்ள சாரதா அக்காவுக்கு,

தங்கச்சி சிவாஜினி எழுதுகிறேன். நானும் உதயனும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா, அத்தானுக்குப் பிரஷர் எப்படி என்பதையெல்லாம் போனிலேயே கேட்டுக்கொள்ளலாம். போனில் கேட்க முடியாததற்குத்தான் இந்தக் கடிதம். வைபரில் நீங்கள் கதைக்கும்போது அத்தான் பக்கத்திலிருந்து இருமுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. அவர் வெளியே போனபிறகு நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொன்ன விஷயத்தை அவருக்கு முன்னால் எப்படித் திருப்பிக் கேட்பது?

எனக்குச் சேந்தன்ரை முகம் வருகுதில்லையடி என்று சொன்னீர்கள். குரல் வருகுது, நடை வருகுது, முகத்தை நினைச்சால் பக்கத்து வீட்டுப் பெடியன்ரை முகம் வந்து நிக்குது என்றீர்கள். அன்றைக்குத் தொடங்கி எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை அக்கா. பெத்தவளுக்கே மறக்குதே, நானெல்லாம் ஒரு தாயோ என்று உங்களை நீங்களே திட்டினீர்கள். எட்டு வருசமாக ஒரு படம்கூடக் கையில் இல்லாமல் யாருக்குத்தான் முகம் நிற்கும்? சண்டைக்குள்ளே உங்கள் பைகள் நந்திக்கடலோடு போயின. என்னிடம் இருந்த ஒரேயொரு படத்தை, எல்லை தாண்டும்போது கையில் ஒரு துண்டும் இருக்கக்கூடாது என்று ஏஜென்சிக்காரன் வாங்கிக் கிழித்துப்போட்டான். சேந்தன் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. இதில் உங்கள் பிழை எங்கே வந்தது?

காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டு நீங்கள் போய் இருக்கிற வீதியோரக் கொட்டகையில் மற்றத் தாய்மார் எல்லாரும் தங்கள் பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்திருக்க, நீங்கள் மட்டும் பெயரெழுதிய மட்டையோடு இருக்கிறீர்களாம். பேப்பர்காரர் கமராவோடு வந்தால் உங்களைத் தாண்டிப் போய் அடுத்தவரைப் படமெடுக்கிறார்களாம். நீ படம் கீறுவாய்தானே, அவனை ஒருக்கால் கீறி அனுப்படி என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டீர்கள். கேட்கிறது லேசு.

நான் கீறுவதை விட்டு எவ்வளவு காலம் என்று உங்களுக்குத் தெரியாது. சண்டை முடிந்த அந்த மே மாதம் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்த இருப்போடு விட்டதுதான். அதற்குப் பிறகு பென்சில் பிடித்தது, கடையில் சீலைக்கு விலை எழுதியதும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் மட்டுந்தான். உங்கள் போன் வந்த அடுத்த நாளே கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சித்திரக் கொப்பியும் நல்ல பென்சிலும் அழிறப்பரும் வாங்கினேன். வந்த வேகத்தில் நேரே சேந்தனைக் கீறப் பார்த்தேன். வந்து இருந்தது அவன் இல்லை, யாரோ இன்சூரன்ஸ் கொம்பனி ஆள். உதயன் எட்டிப் பார்த்துவிட்டு, ஆரப்பா இது, எனக்கும் இவரிட்டை ஒரு அலுவல் இருக்கு என்று பகிடி விட்டார். எனக்கு வந்த கோபத்தில் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன், பிறகு அதையே எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கை திரும்பி வரவேண்டும், அதற்குப் பிறகுதான் அவன் வருவான் என்று இப்போது முடிவெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் காலையில் வேலைக்குப் போகும்போது பி ரயிலில் எனக்கு முன்னால் யார் இருக்கிறார்களோ அவரைக் கீறுகிறேன். லா கூர்னெவில் ஏறி மூக்கைத் தொடங்கினால் கார் து நோரில் இறங்குவதற்குள் வாய் வரைக்கும் வந்துவிடலாம். வாய்க்குக் கீழே நாடி பெரும்பாலும் மிஞ்சிவிடும். சிலர் கண்டுபிடித்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஓர் ஆபிரிக்க ஐயா கண்டதும் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருந்தார், அவருடைய நாடியையும் கீறி முடிக்க வேண்டுமென்று என்னுடைய நிலையத்தைத் தாண்டிப் போய் வேலைக்குப் பிந்தினேன்.

இப்போது எனக்கு நீங்கள் உதவி செய்ய வேண்டும். நான் இங்கே வெளிக்கிட்டபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. உங்களிடமிருந்து ஆமிக்காரர் அவனைப் பிரித்தபோது பதினாறு. இடையில் வளர்ந்த முகத்தை நான் கண்டதே இல்லை. நெற்றியில் அந்தத் தழும்பு பிறகும் இருந்ததா? சைக்கிளால் விழுந்து உடைந்த முன்பல்லைக் கட்டினீர்களா? மீசை வந்திருந்ததா? முகம் முழுதாக வராவிட்டால் பரவாயில்லை, எது வருகிறதோ அதைச் சொல்லுங்கள்.

அத்தானுக்கு இதை இப்போது சொல்ல வேண்டாம். மரணச் சான்றிதழை எடுத்து, அந்திரட்டிக் கிரியையையும் செய்து முடிப்போம் என்று அவர் சொல்வதாலே உங்களுக்கு அவரோடு முகம் கொடுத்துக் கதைக்க மனமில்லை என்று தெரியும். படம் ஒன்று கிடைத்தால் அதைச் சட்டம் போட்டு மாலை போடத்தான் அவர் முதலில் கேட்பார். மருந்துகளை நேரத்துக்குப் போடுங்கள். வெயிலில் கொட்டகைக்கு நடந்து போகாமல் ஓட்டோ பிடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
சிவாஜினி


லா கூர்னெவ்,
18.06.2017

அன்புள்ள அக்காவுக்கு,

முதலே சொல்லிவிடுகிறேன், கீறுவதை மறுபடியும் விட்டுவிட்டேன். ஏன் என்று முழுக்கச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். ஏசுவதானால் கடிதத்தை வாசித்து முடித்துவிட்டு ஏசுங்கள்.

நான் தழும்பைக் கேட்டேன், பல்லைக் கேட்டேன், மீசையைக் கேட்டேன். நீங்கள் போனில் அவனுடைய பிடரியைப் பற்றியே சொன்னீர்கள். வரிசையில் பெடியங்களைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போனபோது கடைசியாக நீங்கள் கண்டது அதுதான் என்று அதற்கு முன்னர் எனக்குத் தெரியாது. வலப்பக்கத்துக் காது இடப்பக்கத்தைவிட வெளியே நிக்கும், இரண்டு சுழி, பிடரியிலை மயிர் ஒரு கூராய் இறங்கும் என்று மளமளவென்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு நான் ரயிலில் முகங்களை விட்டுவிட்டு, கதவுப் பக்கம் திரும்பி நிற்கும் பெடியங்களின் பிடரியைக் கீறத் தொடங்கினேன். பின்னால் நின்று கீறினால் யாரும் முகத்தைத் திருப்ப மாட்டார்கள் என்பது ஒரு வசதி. அப்படிக் கீறிப் பழகித்தான் சேந்தனின் பிடரியைக் கீறி வைபரில் அனுப்பினேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று போன் காட்டியது, பதில் ஒன்றும் வரவில்லை. பிழையாகக் கீறிவிட்டேனோ, உங்களை நோகடித்துவிட்டேனோ என்று நான் வேலையிடத்தில் வாடிக்கையாளர் பச்சைச் சீலையைக் கேட்க நீலத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கிழமைதான் இது நடந்தது. எங்கள் புடவைக்கடை ரூ காய் வீதியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்துப் பலசரக்குக் கடையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவர் ஞானரட்ணம் அண்ணை. பகலில் எங்கள் வாசலில் நின்று தேத்தண்ணி குடிப்பார். வடிவான முகம், அகலமான நெற்றி, பெரிய மூக்கு. ஒரு நாள் ஆட்கள் குறைவாக இருந்த நேரம் அவரைக் கீறி, கீழே அவருடைய பெயரையும் குருநகர் என்று ஊரையும் திகதியையும் எழுதி வைத்தேன். முதலாளி ராதாகிருஷ்ணன் அண்ணைக்கு அது நல்லாய்ப் பிடித்துப்போய்விட்டது. எங்கடை கடைப் பிள்ளையின்ரை கைவண்ணம், நாலு சனம் பாக்கட்டும் என்று அதைக் கொண்டுபோய்க் கடைக் கண்ணாடிக் கதவில் ஒட்டினார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு உள்ளுக்குள்ளே பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா, எங்கள் சனத்தின் கடைகள் இருக்கிற இந்த லாச்சப்பலில் கடைக் கண்ணாடியில் என்ன ஒட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. செத்தவர்களைத்தான் ஒட்டுவார்கள். முகம், கீழே பெயர், பிறந்த ஊர், திகதி. கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்தை வாசிக்க யாரும் நிற்பதில்லை, முகத்தைக் கண்டதும் ஐயோ இவரோ என்று கேட்டுவிட்டு, ரயிலுக்கு ஓடிக்கொண்டே போன் எடுப்பார்கள். ஞானரட்ணம் அண்ணைக்கு அடுத்த நாள் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை, போனையும் நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். பிறகு கேட்கவா வேண்டும்? மத்தியானத்துக்கிடையில் குருநகரில் அவருடைய மனைவி மரியகொறற்றி அக்காவுக்குச் செய்தி போய்விட்டது. வீட்டில் கூட்டம் கூடி, கோயிலில் துக்கமணி அடிக்கச் சொல்லி ஆளும் போய்விட்டதாம்.

அவர் அடுத்த நாள் கழுத்தில் மப்ளரோடு வந்து நின்றபோது கடைக்குள்ளே ஒரு மனுசி குளறிவிட்டது. நான் செத்தேன் அக்கா, என்ன சொல்லப் போகிறாரோ என்று சீலை அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய்த் தன்னுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மூக்கு கொஞ்சம் கூடிப்போச்சு பிள்ளை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் பெட்டி இறக்கினார்.

மற்றவர்கள் அப்படி விடவில்லை. உயிரோடை இருக்கிற மனுசனைக் கறுப்பிலை கீறி ஒட்டுறதோ, உமக்கு அறிவில்லையோ என்று ஸ்தேன் என்கிற ஊரிலிருந்து வருகிற ஓர் அம்மா என்னை நடுக்கடையில் வைத்துக் கேட்டார். முதலாளி, தானே ஒட்டியதை மறந்துபோய், இனிக் கடைக்குள்ளை பென்சில் எடுக்கக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டார். அது பரவாயில்லை. எங்கள் சனம் ஒரு முகத்தைத் தாளில் கண்டால் முதலில் என்ன நினைக்கும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். சேந்தனைக் கீறி உங்கள் கையில் தந்தால் கொட்டகையில் அதைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

இந்த நேரம் பார்த்து அத்தான் எனக்குப் போன் எடுத்தார். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றார், ஆனாலும் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஒளித்து விளையாட எனக்குப் பலம் இல்லை. உங்கள் போனில் அந்தப் பிடரியைக் கண்டுவிட்டாராம். பிள்ளை, கீறுறதெண்டால் முகத்தையும் வடிவாய்க் கீறித் தா, எட்டு வருசமாய் நான் ஒருநாளும் அழேல்லை, அந்தப் படத்துக்கு முன்னாலை இருந்து ஒருக்கால் அழவேணும் என்றார். இவ்வளவு காலமும் அவரைக் கல்நெஞ்சுக்காரன் என்று நானும் நினைத்திருந்தேன்.

நீங்கள் தேடுவதற்கு ஒரு முகம் கேட்கிறீர்கள், அவர் அழுவதற்கு ஒரு முகம் கேட்கிறார். ஒரு முகத்தைக் கீறி இரண்டு பேருக்கும் எப்படித் தருவது? இப்போது ரயிலில் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். முன்னால் இருக்கிறவரின் மூக்கைக் கண் தானாக அளக்கிறது, கை போகமாட்டேன் என்கிறது. வீட்டுக்கு வந்து பிள்ளையிலும் உதயனிலும் எரிந்து விழுகிறேன். நீங்கள் ஒரு வார்த்தை கதைத்தால் நல்லது அக்கா.

உங்கள்
சிவாஜினி


லா கூர்னெவ்,
08.10.2017

என் அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து தருகிறவர்தான் நான் கண்ணாடியில் ஒட்டிச் சாகடித்த ஞானரட்ணம் அண்ணை. உயிரோடை இருக்கிறியள் எண்டால் நேரிலை வந்து காட்டுங்கோ என்று மனைவி கட்டளை போட்டுவிட்டாராம். பிரெஞ்சுப் பாஸ்போட் எடுத்து எத்தனையோ வருசம், இன்றைக்கு நாளைக்கு என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்த மனுசன் இப்போது ஊருக்கு வருகிறார். குருநகரிலிருந்து உங்களிடம் வருவதற்கு வாகனம் பிடித்து வருவதாகச் சொன்னார். சோறு கொடுத்து அனுப்புங்கள், மீன் என்றால் உயிர்.

என்னை மறுபடியும் கீற வைத்தவரும் அவர்தான். அவருடைய மனைவி அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு வரச்சொன்னாராம். அதைக் கேட்க வந்தவர், ஏன் பிள்ளை இப்ப கீறுறேல்லை, எனக்காகவோ விட்டனீர் என்று கேட்டார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, வாசலில் நின்றபடியே சேந்தனைப் பற்றி எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். பன்னிரண்டு வயது முகம்தான் எனக்குத் தெரியும், வளர்ந்த முகத்தை எங்கே போய்ப் பார்ப்பேன் என்று சொன்னேன். அவர் பெட்டி இறக்கப் போய்விட்டார். அடுத்த நாள் தன்னுடைய மகனின் இரண்டு படங்களோடு வந்தார். ஒன்று சின்ன வயதில் தேவாலயத்தில் முதல்நன்மை எடுத்த காலத்தது, மற்றது கல்யாணத்துக்கு எடுத்தது. சின்னனிலையிருந்து பெரிசாகிறபோது முகத்திலை எது மாறுது எது மாறாமல் இருக்குது எண்டு பாரும் பிள்ளை என்றார்.

அதோடு நின்றாரா? ரூ காய் முழுக்கச் சொல்லிவிட்டார். சனம் இப்போது மகன், மருமகன், தம்பி என்று இரண்டிரண்டு படமாகக் கொண்டுவருகிறது. என்னை ஏசிய ஸ்தேன் அம்மாவும் தன்னுடைய பேரனை போனில் கொண்டுவந்து காட்டினார். ஆனால் நாடியைக் கொஞ்சம் குறைச்சுக் கீறும், அவனுக்கு இன்னும் பொம்பிளை பாக்கேல்லை என்றார். நான் ரயிலில் ஒவ்வொருவராகக் கீறி, கீறியதை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். எனக்கு வேண்டியது படித்த பாடம்தான். மூக்கு வளருது அக்கா, நாடி நீளுது, கன்னம் வற்றுது. இரண்டு கண்ணுக்கும் இடையில் உள்ள தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது, காது நிற்கிற விதமும் மாறுவதில்லை. முதலாளியும் பாவம், இப்போது தேத்தண்ணி நேரத்தில் கீறலாம் என்று விட்டுவிட்டார். கதவில் மட்டும் ஒன்றும் ஒட்டுவதில்லை.

நான் மறுபடியும் கீறத் தொடங்கியபிறகு நீங்கள் எடுத்த போனை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்தப் பிடரியைக் கண்டபிறகு உங்களால் கதைக்க ஏலாமல் போய்விட்டது என்றீர்கள். பிறகு, அவன் ஒருக்கால் திரும்பிப் பாத்தவனடி, திரும்பினவன், திரும்பினவன் என்று அதையே சொன்னீர்கள். மேலுதட்டில் பூனைமயிர் மாதிரி இருந்தது, பல்லுக் கட்டவில்லை, விளையாடப் போகட்டோ என்று கேட்கும்போது பார்க்கிற அதே பார்வை என்று ஒவ்வொன்றாக வந்தது. நீங்கள் சொல்லச் சொல்ல நான் கீறிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் அழுதபடிதான் கீறினோம். அது நீங்கள் கீறிய படம் அக்கா, பென்சில் மட்டும்தான் என் கையில் இருந்தது.

உறைக்குள்ளே இரண்டு படம் வைத்திருக்கிறேன். முதலாவது அதுதான், திரும்பிப் பார்க்கிற சேந்தன், பதினாறு வயது. மற்றதை எடுக்கும்போது கதிரையில் இருந்து கொள்ளுங்கள். அது இருபத்து நாலு வயதுச் சேந்தன். நான் கண்டதும் இல்லை, நீங்கள் கண்டதும் இல்லை. கொட்டகையில் எல்லாரும் சின்னப் பிள்ளைகளின் படத்தையல்லவா வைத்திருக்கிறீர்கள், இப்போது யாராவது அவர்களைக் கண்டாலும் எப்படி அடையாளம் தெரியும் என்று எனக்கு இராப்பகலாக மண்டை குடைந்தது. அதனால்தான் கீறினேன். நாடி அத்தானுடையது, நெற்றி எங்கள் அப்பாவுடையது, கண்ணும் காதும் அவனுடையது. மீசையை மூன்று முறை அழித்துக் கீறினேன். தடிப்பாக வைத்தால் சேந்தன் போய்விடுகிறான், மெல்லியதாக வைத்தால் சிரிப்பு வருகிறது. பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், மாற்றலாம்.

அந்தப் படத்தைச் சமையலறை மேசையில் சாத்தி வைத்திருந்தேன். எங்கள் பிள்ளை மிருணாளினிக்குத் தமிழில் கேட்டாலும் பிரெஞ்சில்தான் பதில் வரும். அவள் வந்து நெடுநேரம் பார்த்துவிட்டு இது யார் என்று கேட்டாள். உன்னுடைய பெரியம்மாவின் மகன், உனக்கு அண்ணா என்றேன். எங்கள் வீட்டுக்கு வருவாரோ என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

கொட்டகைத் தாய்மாரில் யாருக்காவது தங்கள் பிள்ளையை இப்போதைய வயதில் பார்க்க மனம் இருந்தால் படத்தைப் போனில் அனுப்பச் சொல்லுங்கள். மனம் இல்லாதவர்களை வற்புறுத்த வேண்டாம், எல்லாராலும் தாங்க முடியாது. நான் ரயிலில் போய் வரும் நேரமெல்லாம் கீறுவேன். இப்போது நாடி வரைக்கும் வந்துவிடுகிறது.

இனி அத்தானைப் பற்றி. அவரோடு கோபித்துக்கொண்டு இருந்தது போதும். பதினாறு வயதுச் சேந்தனை அவருக்குக் கொடுங்கள். சட்டம் போடுவதானால் போடட்டும், சாமியறையில் வைத்து விளக்குக் கொளுத்துவதானால் கொளுத்தட்டும், மாலை போட்டாலும் தடுக்க வேண்டாம். அந்தச் சின்னப் பிள்ளை இனி எப்படியும் வரமாட்டான் அக்கா, எங்கிருந்து வந்தாலும் அந்த வயதில் வரமாட்டான். அவனுக்காக அத்தான் அழட்டும், நீங்களும் பக்கத்தில் இருந்து அழுங்கள்.

அடுத்த நாள் காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு, பெரியவனை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகையில் போய் இருங்கள். உங்கள் இரண்டு பேரின் காலிலும் விழுந்து ஒன்று கேட்கிறேன். அந்த மீசைக்காரனுக்கு மட்டும் ஒருவரும் பூ வைக்க வேண்டாம்.

என்றும் உங்கள்
சிவாஜினி